பயணத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் யோகா மேட் போதுமா?

போதும். ஆனால் அது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தெரியாமல் வாங்கியவர்கள்தான் ‘முட்டி வலிக்குது, காசு வீண்’ என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

யோகா மேட்டுக்கு இரண்டு வேலை. கையும் காலும் வழுக்காமல் பிடித்துக்கொள்வது ஒன்று. முட்டியும் இடுப்பெலும்பும் தரையில் அழுந்தாமல் காப்பது இன்னொன்று. வீட்டில் மூலையில் நிற்கும் 5, 6 மி.மீ. மேட் இரண்டையும் செய்யும். தோளில் தொங்கும் பைக்குள் போகிற மேட்டிடம் இரண்டையும் கேட்டால் எடை கூடிவிடும். எடை கூடினால் இரண்டாவது பயணத்திலேயே அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவோம். ஆகவே ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். என் கணிப்பில் விட்டுக்கொடுக்க வேண்டியது மெத்தென்ற தன்மையைத்தான். தங்கும் அறை எதுவானாலும் ஒரு போர்வையும் இரண்டு துண்டுகளும் இருக்கும். முட்டிக்கு அடியில் மடித்து வைக்க அது போதும். பிடிமானத்துக்கு மட்டும் அறையில் எந்த மாற்றும் கிடையாது. பளபளக்கும் டைல்ஸ் தரையில் துண்டை விரித்து, கையையும் பாதத்தையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனம் செய்து பாருங்கள், பத்தாவது நொடியில் துண்டு தனியாக, உள்ளங்கை தனியாகப் போகும்.

இந்தக் காரணத்தால்தான் பயணத்துக்கென்று விற்கும் மேட்களில் 1.5 மி.மீ. இயற்கை ரப்பர் வகையை முதலில் பரிந்துரைக்கிறேன். மண்டுகா நிறுவனத்தின் ஈகோ சூப்பர்லைட், ஜேட் நிறுவனத்தின் வாயேஜர் இரண்டும் இந்த வகை. முதலாவது 1.5 மி.மீ., சுமார் 1 கிலோ. இரண்டாவது 1.6 மி.மீ., 700 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இதே அளவில் வேறு பெயர்களிலும் நிறைய வருகின்றன; கீழே சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எடை விஷயத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 4 மி.மீ. இயற்கை ரப்பர் மேட் இரண்டு கிலோவைத் தாண்டும், 5 மி.மீ. மூன்று கிலோவைத் தொடும். அடர்த்தியான 6 மி.மீ. பி.வி.சி. மேட் மூன்றரை கிலோ வரை போகும். சுருட்டினால் 6 மி.மீ. மேட் 12 செ.மீ. விட்டமுள்ள உருளையாக நிற்கும், ஒன்றரை மி.மீ. மேட் 7 செ.மீ.க்குள் அடங்கும். அகலம் இரண்டுக்கும் 61 செ.மீ.தான், சிக்கலே அங்கேதான் வருகிறது. விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையின் உயரம் பெரும்பாலும் 55 செ.மீ. சுருட்டிய மேட் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதற்குள் நேராக நிற்காது. வெளியே கட்டித் தொங்கவிட்டால் சில விமான நிறுவனங்களின் ஊழியர்கள் அதைத் தனிப் பொருளாக எண்ணிவிடுவார்கள். மெல்லிய மேட்டை மடிக்கலாம், தடித்ததை மடிக்க முடியாது. அசல் வித்தியாசம் இதுதான்.

மடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. உடல் படும் பக்கம் உள்ளே போகும்படி முதலில் நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இப்போது வெளியே தெரிவது தரை பட்ட பக்கம் மட்டும். அதன்பின் குறுக்கே ஆறு சம பாகமாக மடியுங்கள். 180 செ.மீ. நீள மேட் 30-க்கு 30 செ.மீ. சதுரமாக, 2 செ.மீ. கனத்தில் வந்து நிற்கும். பையின் அடியில் மடிக்கணினியைப் போல் படுத்துக்கொள்ளும். இப்படி மடித்தால் தரை பட்ட பக்கம் உடல் படும் பக்கத்தை எந்த மடிப்பிலும் தொடாது. கண்டபடி மடித்தால் விடுதித் தரையின் அழுக்கு மறுநாள் முகம் வைக்கும் இடத்துக்கு வந்துவிடும். மடிப்புக் கோடுகள் விரித்ததும் ஐந்து நிமிடம் துருத்திக்கொண்டு நிற்கும். நாலைந்து சூரிய நமஸ்காரம் முடிவதற்குள் படிந்துவிடும். குளிர்ந்த அறையென்றால் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ரப்பர் குளிரில் விறைக்கும். ஊர் திரும்பியதும் மடித்தே போட்டுவைக்காமல் விரித்தோ தளர்வாகச் சுருட்டியோ வைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே கோட்டில் மடிந்து கிடந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் வெடிப்பு விடும்.

இனி பிடிமானம். இதைப் பற்றித்தான் அதிகம் புகார் வருகிறது; பெரும்பாலும் மேட்டின் மேல் தப்பில்லை. புது மேட்டின் மேல் உற்பத்தியில் ஒட்டிய மெல்லிய பூச்சோ மாவு போன்ற தூளோ இருக்கும். உள்ளங்கையை வைத்து முன்னால் தள்ளினால் ஒரு விரற்கடை வழுக்கி அப்புறம்தான் பிடிக்கும். ஈரத் துணியால் மூன்று நான்கு முறை துடைத்து, ஒவ்வொரு முறையும் காயவிட்டால் அது போய்விடும். அடர்த்தியான பி.வி.சி. மேட்களுக்குக் கல் உப்பைத் தூவி ஈரத் துணியால் தேய்த்து ஒரு நாள் வைத்துக் கழுவும் முறை உண்டு. அது அந்த வகைக்குத்தான். மெல்லிய ரப்பரில் உப்பைத் தேய்த்தால் மேற்பரப்பு சிராய்ந்துபோகும்.

இன்னொரு காரணம் கையில் இருக்கிறது. மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், கொசு விரட்டும் கிரீம் என்று பயணத்தில் கை கால்களில் ஏதாவது பூசியபடியே இருப்போம். எண்ணெய்ப் பசை ரப்பருக்கு இரட்டைக் கேடு: அப்போதைக்கு வழுக்கும், நாளடைவில் ரப்பரை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். பயிற்சிக்கு முன் சோப்பால் கைகளையும் பாதங்களையும் கழுவித் துடைத்துவிட்டு நின்றால், மேட்டைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை தீர்ந்துவிடும்.

வியர்வை வேறு கதை. ரப்பரிலேயே இரண்டு விதம் இருக்கிறது. மேற்பரப்பில் நுண்துளைகள் மூடியிருக்கும் ரகம் தண்ணீரை உள்ளே விடாது. துடைப்பது சுலபம், நாற்றம் பிடிக்காது. ஆனால் உள்ளங்கை நனைந்ததும் வழுக்கும். நுண்துளைகள் திறந்திருக்கும் ரகம் ஈரத்தைக் கொஞ்சம் குடித்துக்கொண்டு நன்றாகப் பிடிக்கும். அதற்கு விலையாகச் சீக்கிரம் தேயும், காய நேரமாகும், அழுக்கை உள்ளே வைத்துக்கொள்ளும். மண்டுகா முதல் விதம், ஜேட் இரண்டாவது. அதிகம் வியர்ப்பவர், புழுக்கமான ஊருக்குப் போகிறவர் இரண்டாவதைப் பார்க்கலாம். இரண்டு வாரப் பயணத்தில் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருப்பவருக்கு முதலாவதுதான் வசதி, காலையில் துடைத்துப் பதினைந்து நிமிடத்தில் பைக்குள் வைத்துவிடலாம். வியர்வைக்கு ஒரு சிறிய கைத்துண்டை முன்பக்கம் குறுக்கே போட்டால் போதும். மைக்ரோஃபைபர் துண்டு என்றால் கை வைக்கும் இடத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். அந்தத் துணி காய்ந்திருக்கையில் வழுக்கும், நனைந்தால்தான் பிடிக்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு முதல் பத்து நிமிடம் அவதிப்படுகிறார்கள்.

ரப்பர் மேல் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளைப் பூசிய பயண மேட்களும் இருக்கின்றன. லிஃபோர்ம் நிறுவனத்தின் 2 மி.மீ. மேட் அதற்கு உதாரணம். ஈரத்தில் பிடிப்பதில் இந்த வகையை அடிக்க ஆளில்லை. ஆனால் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டுகிறது, வியர்வைக் கறை, எண்ணெய்க் கறை எல்லாம் அச்சாக நின்றுவிடும், மடித்தால் பூச்சில் கோடு விழும் என்பதால் சுருட்டித்தான் எடுத்துப்போக வேண்டும். ஒரே இடத்துக்குப் போய் இரண்டு வாரம் தங்கி யோகா படிக்கிறவருக்குச் சரி.

ரப்பர்போல் நெகிழும் பிளாஸ்டிக்கான டி.பி.இ.யில் செய்த மேட் எடை குறைவு, 6 மி.மீ.கூடக் கிலோவை ஒட்டித்தான் வரும். மடிக்க வராது, வெயில்பட்டால் சுருங்கி ஓரம் சுருளும், ஆனால் ரப்பர் ஒவ்வாமை உள்ளவருக்கு இது ஒரு வழி. 10 மி.மீ. தடிமனில் மெத்தை மாதிரி விற்கும் என்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் நுரை ரகத்தைப் பயணத்துக்கு மட்டுமல்ல, நின்று செய்யும் ஆசனங்கள் எதற்கும் நான் சொல்லமாட்டேன். ஒற்றைக் காலில் நிற்கும் விருக்ஷாசனத்தில் பாதம் அதில் புதைந்து கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும். பருத்தி விரிப்பு தரைமீது தனியாக நிற்காது, அடியில் ரப்பர் வேண்டும்.

இந்த ஒன்றரை மி.மீ. மேட்டோடு தரையும் சேர்ந்துதான் ஆசனத்தை முடிவுசெய்கிறது. டைல்ஸ், கல், சிமெண்ட், மரம் எதுவானாலும் தூசி இல்லாமல் இருந்தால் மேட் தரையோடு ஒட்டிக்கொள்ளும். விரிக்குமுன் ஈரத் துணியால் ஒரு துடை. தூசி இருந்தால் ரப்பர் தூசியைத்தான் பிடிக்குமே தவிரத் தரையை அல்ல. வார்னிஷ் அடித்த மரத் தரையிலும் வினைல் தரையிலும் ரப்பர் மேட்டை நாள்கணக்கில் விரித்தே வைக்காதீர்கள், நிறம் மாறிக் கறை விழலாம். சிக்கலான தரை கம்பளம்தான். அடியில் உள்ள இழைகள் அமுங்கி நகர்வதால் மெல்லிய மேட் அலை அலையாகச் சுருங்கும். சூரிய நமஸ்காரத்தில் குதித்துப் பின்னால் போவதை விட்டுவிட்டு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அறைக்குள் நுழைந்ததும் கதவருகே, அலமாரி முன்னால் வெறுந்தரை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நீளவாக்கில் இரண்டு மீட்டர், பக்கவாட்டில் ஒரு மீட்டர் கிடைத்தால் நின்று செய்யும் ஆசனங்கள் எல்லாம் முடியும். புல்தரையும் கடற்கரை மணலும் படத்துக்கு அழகு, மணிக்கட்டுக்கு ஆகாது. உள்ளங்கைக்குக் கீழே தரை சமமாக இல்லாவிட்டால் எடை முழுவதும் மணிக்கட்டின் ஒரு பக்கத்தில் இறங்கும்.

மெல்லிய மேட்டில் முட்டி வலிப்பது உண்மை. எங்கே வலிக்கிறது, ஏன் என்று பார்த்தால் தீர்வு கையிலேயே இருக்கிறது. உஷ்ட்ராசனம், ஆஞ்சநேயாசனம், பூனை நிலை மூன்றிலும் முட்டிச் சில்லு நேராகத் தரையில் அழுந்துகிறது. மேட்டின் ஓரத்தை மூன்றாக மடித்தால் 4.5 மி.மீ., ஒரு சாதாரண மேட்டின் கனம் வந்துவிடும். அதுவும் போதாதவர் துண்டை நான்காக மடித்து, முட்டிச் சில்லுக்கு நேர் கீழே வைக்காமல் கொஞ்சம் கீழே தள்ளிக் கணைக்காலின் மேற்பகுதிக்கு வைத்தால், எடையைக் கணைக்கால் தாங்கும், சில்லு தொங்கலாக நிற்கும். துண்டைச் சில்லுக்கு அடியிலேயே வைக்கும் பழக்கத்தால்தான் பலருக்கு வலி குறைவதில்லை.

மணிக்கட்டைப் பொறுத்தவரை மெல்லிய மேட் உண்மையில் நல்லது. தடித்த மெத்தை மேட்டில் உள்ளங்கையின் அடிப்பகுதி புதைந்து மணிக்கட்டு 90 பாகைக்கும் மேல் மடங்கும். கெட்டித் தரையில் அது நடக்காது. சுட்டுவிரல் அடியையும் பெருவிரல் அடியையும் தரையில் அழுத்தி எடையை முன்னால் பகிர்ந்துவிட்டால் பலகை நிலையில் சுகமாக நிற்கலாம்.

சிரசாசனத்துக்கு இந்த மேட் மட்டும் போதாது. கம்பளிப் போர்வையை நான்காக மடித்து முன்னங்கைகளும் உச்சந்தலையும் அதே போர்வைமேல் வரும்படி வைக்க வேண்டும். தலைக்கு மட்டும் எதையாவது வைத்தால் தலை உயர்ந்து எடை கழுத்தில் ஏறும். தோளில் எடையைத் தாங்கிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்குத் தோளுக்கு அடியில் கெட்டியான போர்வைகள் மூன்று நான்கு அடுக்கு, தலை தரையில். விடுதிகளில் பெரும்பாலும் பஞ்சு போன்ற குயில்ட்தான் இருக்கும். தோள் அதில் புதைந்துவிடும், கழுத்து மடங்கிவிடும். கெட்டிப் போர்வை இல்லாத ஊரில் சர்வாங்காசனத்தை விட்டுவிட்டு, சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கும் விபரீதகரணி செய்யுங்கள். நீண்ட பயணத்தில் வீங்கிய காலுக்கும் அதுதான் இதம். பத்து நிமிடம் போதும்.

மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் ஒன்றரை மி.மீ. ரப்பர் தரையின் குளிரைத் தடுக்காது. யோக நித்திரை அரை மணி செய்கிறவர்கள் மேட்டின் மேல் ஒரு போர்வையை விரித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும், இல்லையென்றால் பத்தாவது நிமிடம் முதுகு குளிர்ந்து தசை இறுகிவிடும். உடல் தளரும் நேரத்தில் இறுகினால் செய்ததற்கே அர்த்தமில்லை.

பராமரிப்பு எளிது. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் துடை, பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் துடை, நிழலில் இரண்டு பக்கமும் காயவை. ஊறவைக்கக் கூடாது, வாஷிங் மெஷினில் போடக் கூடாது. வெயிலில் காயவைப்பதுதான் மிகப் பெரிய தப்பு. புற ஊதாக் கதிர் பட்டால் இயற்கை ரப்பரின் மேற்பரப்பு உடைந்து தூளாக உதிரும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைப்பதும் அதற்குக் கேடுதான். எண்ணெய் கலந்த வாசனை ஸ்பிரேக்கள் வேண்டவே வேண்டாம். ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்தால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், அது லேசில் போகாது. கட்டைவிரலால் தேய்க்கும்போது கருப்புப் பொடி வர ஆரம்பித்தால் மேட்டின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். தினமும் வீட்டிலும் இதையே விரிப்பவர்களுக்கு அந்த நாள் சீக்கிரம் வரும். வீட்டுக்குத் தடித்தது, வெளியூருக்கு இது என்று பிரித்துவைத்தால் பல வருடம் உழைக்கும்.

புது ரப்பரின் வாடை சிலருக்குத் தலைவலி கொடுக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிரித்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். நான்கு பேர் தூங்கும் யோகா முகாம் அறையில் புது மேட்டைப் பிரிப்பது மற்றவர்களுக்குச் செய்யும் தொந்தரவு. லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை இருப்பவர் இயற்கை ரப்பர் மேட்டைத் தொடவே கூடாது.

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மண் ஒட்டிய பொருள்களையும் தாவரப் பொருள்களையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். வெளியே தரையில் விரித்த மேட்டைக் கழுவிவிட்டுக் கொண்டுபோங்கள். பக்வீட் என்ற தானியத்தின் உமி நிரப்பிய தியான இருக்கை வைத்திருந்தால் அதையும் அறிவிக்கத்தான் வேண்டும்.

அந்த இருக்கைக்கே வருகிறேன். தியானத்துக்கு மேட் முக்கியமில்லை, உட்காரும் உயரம்தான் முக்கியம். சம்மணமிட்டு உட்காரும்போது முட்டி இடுப்பைவிட மேலே நின்றால் இடுப்பு பின்னால் சரியும், கீழ்முதுகு கூனும், இருபது நிமிடத்தில் தோள்பட்டைக்கு நடுவே எரிச்சல் தொடங்கும். முதுகை நிமிர்த்த முயன்று பயனில்லை. உட்காரும் இடத்தை உயர்த்த வேண்டும். முட்டிகள் இரண்டும் தரையைத் தொட்டு, இடுப்பு முட்டியைவிட மேலே இருக்கும் வரை உயர்த்திக்கொண்டே போகலாம். பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 15 செ.மீ. தேவைப்படும். மடித்த கம்பளிப் போர்வை ஒன்று 3, 4 செ.மீ. கொடுக்கும். இருக்கையின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் உட்கார வேண்டும், முழுவதுமாக ஏறி உட்கார்ந்தால் தொடை தூக்கிக்கொள்ளும்.

பக்வீட் உமி இருக்கை உட்காரச் சிறந்தது. உமி உடலுக்கேற்றபடி நகர்ந்து அப்படியே நின்றுவிடும். எடை இரண்டு கிலோவை ஒட்டி வரும் என்பதால் பயணத்துக்கு ஆகாது. விடுதித் தலையணை பார்க்க உயரமாக இருக்கும், உட்கார்ந்ததும் தரைமட்டம். காற்றடிக்கும் இருக்கைகள் இருநூறு கிராம் சுமாருக்கு வருகின்றன. வாங்கியவர்கள் பலர் ‘ஆடுகிறது’ என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். முழுக்கக் காற்றடித்தால் எதுவும் ஆடத்தான் செய்யும். மூன்றில் இரண்டு பங்கு அடித்து, உட்கார்ந்த நிலையில் வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, உட்காரும் எலும்பு உள்ளே அமர்ந்ததும் மூடுங்கள். விமானத்தில் மேலே போகும்போது உள்ளே உள்ள காற்று விரியும், ஆகவே காலி செய்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஜிப் வைத்த வெறும் உறை. நூறு கிராம்கூட இருக்காது. கையிலிருக்கும் துணிகளை இறுக்கிச் சுருட்டித் திணிக்கலாம்: கெட்டியான கால்சட்டை அடியில், டீ-ஷர்ட் மேலே. இறுக்கமாகத் திணிக்காவிட்டால் மூன்றாம் நாள் ஒரு பக்கம் சரிந்துவிடும். முட்டி மடக்கவே முடியாதவர் நாற்காலியில் உட்காரலாம். சாயாமல், பாதம் தரையில் முழுக்கப் பதிந்திருக்க, கால் எட்டாவிட்டால் அடியில் ஒரு புத்தகக் கட்டு.

பட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்: பருத்தி, 2.4 மீட்டர் நீளம், இரட்டை வளையம். உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்துக்கும் படுத்துக் கால் நீட்டுவதற்கும் உதவும், மேட்டைக் கட்டவும் ஆகும். பிளாஸ்டிக் கொக்கி வைத்தது முழு இழுப்பில் நழுவும். செங்கல் வடிவத் தக்கைக் கட்டை வேண்டாம், பயணத்துக்கு அது சுமை. கெட்டி அட்டைப் புத்தகங்களை இழுத்துக் கட்டினால், பக்கவாட்டில் சாய்ந்து கையைக் கீழே ஊன்றும் திரிகோணாசனத்துக்கு அது போதும்.

யோகா, தியான முகாமுக்குப் போகிறவர்கள் எதையும் வாங்குமுன் மூன்று விஷயம் கேட்டுவிட வேண்டும்: அங்கே மேட் தருகிறார்களா, கெட்டிப் போர்வையும் இருக்கையும் உண்டா, ஆசனப் பயிற்சிக்கு அனுமதி உண்டா. கடைசிக் கேள்வி விசித்திரமாகப் படலாம். எஸ்.என். கோயங்கா வழியில் நடக்கும் 10 நாள் விபஸ்ஸனா தியான முகாம்களில் ஆசனப் பயிற்சியை அந்த நாட்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள், ஒதுக்குப்புறமான இடவசதி இல்லை என்பதால். நடக்கலாம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும் அங்கே மேட் வெறும் சுமை, இருக்கையின் உயரம்தான் எல்லாம். செல்பேசியையும் முதல் நாளே வாங்கிவைத்துவிடுவார்கள். சிவானந்தா ஆசிரமங்களில் நிலைமை நேர் எதிர்: தினமும் இரண்டு ஆசன வகுப்பு, காலையும் இரவும் சத்சங்கம். அங்கே மேட் காலையிலும் மாலையிலும் நனையும், காய நேரம் குறைவு. வேகமாகக் காயும் மூடிய துளை ரப்பருக்கு ஏற்ற இடம். பி.கே.எஸ். அய்யங்கார் வழி வகுப்புகளில் போர்வை, பட்டை, கட்டை, நாற்காலி என்று துணைக்கருவிகள் ஏராளமாக இருக்கும். பிடிமானம் மட்டும் கொண்டுபோனால் போதும்.

வாங்கும்போது கடையில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மேட்டைத் தரையில் விரித்து அதோமுக ஸ்வானாசனத்தில் முப்பது நொடி நின்று, கைகளை ஒன்றையொன்று விலக்குவதுபோல் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். மேட் மேல் கை வழுக்கினால் மேற்பரப்பு புதுசு, துடைத்தால் சரியாகலாம். கையோடு சேர்ந்து மேட்டே இழுபட்டு நீண்டால் அது மெல்லியதாக மட்டுமல்ல, வலுவில்லாததாகவும் இருக்கிறது. அதை வாங்க வேண்டாம். உயரம் 175 செ.மீ.க்கு மேல் என்றால் 173 செ.மீ. மேட்டில் சவாசனத்தின்போது தலையோ குதிகாலோ வெளியே போகும், 180 செ.மீ. கேளுங்கள்.

முட்டி மாற்று அறுவை செய்தவர்கள், மூட்டுவாதம் உள்ளவர்கள், தரையில் எழுந்து உட்காரவே சிரமப்படுபவர்கள் இந்த வகையை வாங்க வேண்டாம். வாகனத்தில் வீட்டுவாசலிலிருந்து முகாம் வாசல் வரை போகிறவர்களுக்கும் இது தேவையில்லை. வீட்டு மேட்டையே எடுத்துப்போட்டுக்கொண்டு போகலாம். ரயிலிலும் பேருந்திலும் விமானத்திலும் மாறி மாறிப் போகிற, போகிற இடத்திலும் காலை அரை மணி நேரத்தை விட மனமில்லாதவர்களுக்கு 1.5 மி.மீ., மூடிய துளை, இயற்கை ரப்பர், 180 செ.மீ. நீளம். அடர்ந்த நிறம் எடுங்கள், வெளிர் நிறத்தில் பாத அச்சு போகவே போகாது.